இழைகளுக்கு நடுவே போன ஊசி

போன வாரம் என் நேர்மையைப் பற்றி எழுதியிருந்தேன். நிறம் தப்பிய ஒரு லாட் துணியை, முதலாளியின் முகத்துக்கு நேரே ‘ரிஜெக்ட்’ என்று சொன்ன கதை. பொள்ளாச்சியிலிருந்து ஒரு வாசகர், “உங்களைப் போல் நாலு பேர் இருந்தால் நாடு உருப்பட்டுவிடும்” என்று எழுதியிருக்கிறார். நாடு இன்னும் உருப்படாததற்கு என்னைப் போல் நாலு பேர் இருப்பதுதான் காரணம் என்று அவருக்குத் தெரிவிக்கவே இந்த வாரம் எழுதுகிறேன்.

ஒரு பெண் கையால் தைத்த துணியை, மெஷினில் தைத்தது என்று பலர் முன்னிலையில் சொன்னேன். கண் மங்கிச் சொல்லவில்லை. வயதாகித் தடுமாறியும் சொல்லவில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்து, கைத்தையல்தான் என்று உறுதிசெய்துகொண்டு, அதன்பிறகு பொய் சொன்னேன். அவருக்குக் கிடைக்க இருந்த வேலை அதனால் போயிற்று.

இரண்டு வருடம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி. ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு பழைய பங்களாவின் கார் ஷெட். நீள மேஜையின் மேல் பதின்மூன்று துணிகள் வரிசையாகக் கிடக்கின்றன. ஏலக்காய் டீயின் வாசமும், கொதித்து ஆறிய மாதுளைத் தோலின் வாடையும் கலந்து அடிக்கின்றன. என் வலது கண் லென்ஸில் இருக்கிறது. முதுகுக்குப் பின்னால் பன்னிரண்டு பெண்கள். பதின்மூன்றாவது பெண் சுவரோரம் நின்று, ஈரக்கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

“என்ன சார் சொல்றீங்க?” என்று கேட்கிறாள் நித்யா.

நான் வாயைத் திறப்பதற்குள், யார் எவர் என்று சொல்லிவிடுகிறேன்.

லேத் இல்லாத ஒர்க்‌ஷாப்

கோயமுத்தூரில் ஒர்க்‌ஷாப் என்றால் லேத் ஓடும் இடம். கிரீஸ் வாடை, இரும்புச் சுருள், பக்கத்தில் ஒரு டீக்கடை. நித்யாவின் ஒர்க்‌ஷாப்பில் இவற்றில் டீ மட்டும் உண்டு. அதுவும் மண் குவளையில். தையல், சாயம், துணி அலங்காரம் மூன்றையும் ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே அனுபவிக்கலாம். கற்றுக்கொள்ளலாம் என்று சொல்லக் கூடாது. நித்யா திருத்துவாள்.

நித்யாவின் அப்பா என்னிடம் படித்தவர். கல்லூரியில் முப்பது வருடம் ஜவுளி வேதியியல் நடத்தினேன். அதற்கு முன்பு சில காலம் ஒரு சாயப்பட்டறையின் லேபில் இருந்தேன். ஓய்வுபெற்ற பிறகு என் அறிவுக்கு வீட்டில் கிராக்கி இல்லை. சட்டையில் பட்ட சாம்பார்க் கறையை எடுக்கக்கூட என் மனைவி பாக்கியம் என்னைக் கேட்பதில்லை. ஆகவே, நித்யா ‘சிறப்பு வல்லுநர்’ என்று கூப்பிட்டதும் இஸ்திரி போட்ட சட்டையோடு போய் நின்றேன்.

திட்டுத் திட்டாகச் சாயம் பிடித்த துணியைத் தள்ளுபடி செய்ய மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவன் நான். இங்கே திட்டு விழவில்லை என்றால் மறுபடி நனைத்தார்கள். ஓரம் கோணினால் உயிர்ப்பு. நூல் தொங்கினால் சுதந்திரம். ஒரு டாக்டர் வீட்டு அம்மணி, பப்பாளி இலையைத் துணிமேல் வைத்துச் சுத்தியலால் அடித்துப் பச்சை அச்சு எடுத்தார். அடுத்த வாரம் அது பழுப்பாகிவிட்டது. “பாருங்க சார், இதுக்கும் நம்மள மாதிரியே வயசாகுது” என்று கண் கலங்கினார். மரியாதைக்கு நானும் கொஞ்சம் கலங்கினேன்.

விளம்பரத் தாளில் ‘சிறுவாணி நீரில் சாயமேற்றியது’ என்று வேறு போட்டிருந்தார்கள். மாடித் தொட்டிக்கு லாரியில் வந்த தண்ணீர் அது. சிறப்பு வல்லுநர் அதைப் பற்றியும் மூச்சு விடவில்லை.

பதின்மூன்றாவது இடம்

பன்னிரண்டு பேர் கட்டணம் கட்டிச் சேர்ந்தவர்கள். பதின்மூன்றாவது இடம் இலவசம். “எல்லாரையும் சேத்துக்கணும் சார், அதுதான் எங்க கொள்கை” என்றாள் நித்யா. அப்படிச் சேர்த்துக்கொள்ளப்பட்டவர், வகுப்பு முடிந்ததும் சாயச் சட்டிகளையும் டீக் குவளைகளையும் கழுவிவைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த ஏற்பாட்டில் யாருக்கும் ஒன்றும் உறுத்தவில்லை. எனக்கும்தான்.

அவர் பெயர் சாந்தாமணி. சூலூர்க்காரர். ஐம்பதை நெருங்கிய வயது. திருப்பூரில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியின் செக்கிங் பிரிவில் இருபது வருடமாக நிற்கிறார். நிற்கிறார் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். டியூப்லைட்டுக்குக் கீழே உயரமான மேஜை. அதன்மேல் துணியை விரித்து, ஓட்டை, கறை, இழை விடுபட்ட இடம் எல்லாம் தேடி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். சின்னப் பழுதென்றால் ஊசியெடுத்து அங்கேயே இருந்த இடம் தெரியாமல் சரிசெய்ய வேண்டும். எல்லாம் நின்றபடிதான். கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு நீலநீலமாகப் புடைத்திருந்தது. இனி நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உட்கார்ந்தால் செக்கிங் ஆகாது என்று கம்பெனி சொல்லிவிட்டது.

முதல் ஞாயிறன்று நித்யா ஓர் அறிவிப்பு செய்தாள். ஆறாவது வாரம் எல்லோரும் ஒரு துணி செய்து கொண்டுவர வேண்டும். கைத்தையலில் சிறந்து நிற்பவரே அடுத்த வகுப்புகளுக்குத் தையல் ஆசிரியை. டீ இடைவேளையில் சாந்தாமணி அவளிடம் வந்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

“ஏனுங்க மேடம், அந்தத் தையல் சொல்லிக்குடுக்கற வேல, உக்காந்து செய்யறதுங்களா?”

“ஆமாங்க்கா. வட்டமா டேபிள் போட்டு எல்லாரும் உக்காந்துதான்.”

“ஞாயித்துக்கெழம மட்டுமுங்களா?”

“இல்லக்கா, வாரத்துல அஞ்சு நாள் வரும். பேட்ச் நெறைய கேக்கறாங்க.”

“அப்ப நான் நெம்ப நல்லாத் தைக்கோணுமுங்க” என்றார் சாந்தாமணி, தனக்குத்தானே கணக்கு ஒப்பிப்பதுபோல்.

ஆக, அவருக்கு அந்த வேலை எதற்கு என்று அங்கே தெரிந்தவர்கள் மூன்று பேர். அவர், நித்யா, நான்.

மஞ்சள் செய்த வேலை

இரண்டாவது ஞாயிறு என்னுடையது. இயற்கைச் சாயம். நித்யா மஞ்சள்தான் வேண்டும் என்றாள்; மங்கலமாக இருக்குமாம். மஞ்சள் தூள் சாயம் வெயிலில் நிற்காது என்று முப்பது வருடம் நானே கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஆனால் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு பேர் நோட்டுப் புத்தகத்தோடு என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “படிகாரத்தில் ஊறவைத்து ஏற்றினால் நிறம் கெட்டியாக நின்றுவிடும்” என்று சொன்னேன்.

“மன்னிச்சுக்கோங்க சார்” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். “மஞ்சத் துணி வெயில்ல நிக்காதுங்களே. ஆனைமலைக்கு வேண்டுதலுக்குன்னு வெள்ளச் சீலைய மஞ்சள்ல நனைச்சுக் கட்டிட்டுப் போனனுங்க. ஊடு திரும்பறதுக்குள்ள மறுபடியும் வெள்ளையாயிருச்சு. அம்மன் வேண்டுதல எடுத்துக்கலியோன்னு பயந்தே போனனுங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்புதான், என்னைப் பார்த்துச் சிரித்ததல்ல. அது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அப்போது, “அது வீட்டு முறை. இது விஞ்ஞான முறை” என்றேன்.

அவர் வாதாடவில்லை. நான் சொன்னபடியே படிகாரத்தில் ஊறவைத்து, மஞ்சளில் நனைத்து, தன் துண்டை மாடிக் கொடியில் போட்டுவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு அதை எடுத்துவந்து மேஜையில் வைத்தார். பழைய வேட்டியின் நிறம்.

“சார் சொன்ன மாதிரியேதான் செஞ்சனுங்க” என்றார். அவ்வளவுதான். குரலில் குத்தல் இருந்ததா என்று அன்றைக்கெல்லாம் யோசித்தேன். இல்லை என்றுதான் தோன்றியது. அதனாலேயே இன்னும் எரிந்தது.

இத்தனைக்கும் என் மானம் ஒன்றும் போகவில்லை. நித்யா அந்தத் துண்டைத் தூக்கிப் பார்த்து, “ஐயோ, என்ன மென்மையான ஷேடு! இதுக்கு நிலா மஞ்சள்னு பேர் வைக்கலாம்” என்றாள். பன்னிரண்டு பேரும் நோட்டில் ‘நிலா மஞ்சள்’ என்று எழுதிக்கொண்டார்கள். என் பொய்க்குப் பெயர்சூட்டு விழாவே நடந்துவிட்டது. உண்மை தெரிந்தவர் ஒரே ஒருவர். அந்த ஒருவரைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

போன வாரம் எழுதாமல் விட்டது

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். போன வாரம் எழுதிய அந்த ரிஜெக்ட் துணிக்கு நிறம் ஏன் தப்பியது என்று நான் எழுதவில்லை. மாதிரித் துணியை ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நான் சோம்பல்பட்டு டியூப்லைட்டில் பார்த்து ‘சரி’ என்று கையெழுத்துப் போட்டேன். டியூப்லைட்டில் பச்சையாக இருந்தது, வெயிலில் பாசிபிடித்த தண்ணீர்போல் ஆகிவிட்டது. சாயம் போட்ட ஆறுமுகண்ணன் தண்ணீர் மாற்றிப் பிடித்துவிட்டார் என்று முதலாளியிடம் சொன்னேன். அவரைச் சாயத் தொட்டியிலிருந்து எடுத்து மூட்டை தூக்க அனுப்பினார்கள். துணியை ரிஜெக்ட் செய்த என் நேர்மையை எல்லோரும் மெச்சினார்கள்.

ஆறுமுகண்ணன் இப்போது இல்லை. அவருக்குச் செய்ய என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. ஆளை மாட்டிவிடும் வித்தை எனக்குப் புதிதல்ல என்று வாசகர்கள் தெரிந்துகொள்வதற்காகச் சொல்கிறேன்.

இரண்டு சொல்

இனி அந்த மேஜைக்கு வருவோம்.

பன்னிரண்டு துணிகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மனதின் ஆழத்தைக் காட்டுவதாக ஒன்று. அதில் ஆழம் இருந்த இடத்தில் ஒரு பெரிய முடிச்சு. அம்மாவின் நினைவாக ஒன்று. அந்த அம்மா உயிரோடு பீளமேட்டில் இருக்கிறார்.

பதின்மூன்றாவது சாந்தாமணியுடையது, சலவை காணாத காடாத் துணி ஒரு முழம். கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைத்து, துருப்பிடித்த ஆணி போட்ட நீரில் முக்கியிருந்தார். மழைக்கு முந்திய மேகம்போல ஒரே சீரான கருஞ்சாம்பல். ஒரு திட்டு இல்லை. அதன்மேல் வெள்ளை நூலில், போன வழியே திரும்பி வந்து இடைவெளியை நிரப்பிய ஓட்டுத் தையல். முதலில் ஏதோ கோலம் என்று நினைத்தேன். பிறகு புரிந்தது. ஒரு மூலையில் இழை விடுபட்ட கோடு. அதற்குக் கீழே அறுந்த இழையின் வால். நடுவில் எண்ணெய்க் கறை, வட்டத்துக்குள் வட்டமாக. ஓரத்தில் ஒரு ஓட்டை. அதைச் சுற்றிக் கறுப்புப் பாசிமணி. இருபது வருடம் ஸ்டிக்கர் ஒட்டிய பழுதுகளை எல்லாம் வரிசையாக நகைபோல் தைத்து வைத்திருந்தார். அங்கே இருந்தவர்களில் அது என்னவென்று படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

துணியைத் திருப்பிப் போட்டேன். எங்கள் தொழிலில் முன்பக்கத்தை வாங்குகிறவர் பார்ப்பார், பின்பக்கத்தை நாங்கள் பார்ப்போம். லென்ஸை வைத்தேன். இழை எண்ணுவதற்கென்றே உள்ள சிறிய மடக்கு லென்ஸ் அது.

மெஷின் ஊசிக்குக் கண் கிடையாது. வழியில் இழை இருந்தால் அதைக் குத்திக் கிழித்துக்கொண்டு போகும். இங்கே ஒரு இழைகூடக் குத்துப்படவில்லை. இரண்டு இழைக்கு மேலே, இரண்டு இழைக்குக் கீழே, மறுபடி இரண்டுக்கு மேலே. ஒரு முழத் துணி முழுவதும் அவர் இழைகளை எண்ணி, அவற்றின் நடுவே ஊசியை விட்டிருந்தார். எத்தனையோ வருடம் அந்த லென்ஸில் பார்த்தவன், அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

“என்ன சார் சொல்றீங்க?” என்று கேட்டாள் நித்யா.

பழைய வேட்டி நிறத்தில் ஒரு துண்டு மஞ்சள் துணி ஞாபகத்துக்கு வந்தது.

“இவ்வளவு ஒழுங்கு கையில வராதும்மா” என்றேன். “மெஷின் வேலை.”

ஷெட் முழுவதும் ஒரு நிம்மதிப் பெருமூச்சு எழுந்தது. பன்னிரண்டு கோணல் தையல்களுக்கும் நான் மோட்சம் கொடுத்துவிட்டேன் அல்லவா?

“சார், கையில போட்டதுங்க” என்றார் சாந்தாமணி. நான் லென்ஸை மடக்கிப் பையில் வைத்தேன். “ஒரு ஊசி குடுங்க. இங்கயே நாலு தையல் போட்டுக் காட்டறனுங்க.”

நித்யா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஐயோ அக்கா, அதெல்லாம் எதுக்குங்க்கா? இங்க யாரும் யாரையும் எடை போடறதில்ல. மெஷினா இருந்தா என்ன இப்ப? அழகாத்தான இருக்குது!”

“அவங்கதான் தச்சுக் காட்டறேங்கறாங்களே, குடுத்துப் பாக்கறதுக்கென்ன?” என்றார் ஓய்வுபெற்ற ஒரு டீச்சரம்மா.

“டீ ஆறிப்போகுதுங்க டீச்சர்” என்றது வேறொரு குரல்.

எங்கள் ஊர் மரியாதையைப் பற்றி வெளியூர்க்காரர்கள் நிறையப் புகழ்வார்கள். திட்டினால்கூட ‘ங்க’ போட்டுத் திட்டுவோம். அந்த மரியாதை ஆளை எப்படி நசுக்கும் என்பதை அன்றுதான் பார்த்தேன். பொய் சொன்னாய் என்று யாராவது சொல்லியிருந்தால், இல்லை என்று அவர் சண்டை போட்டிருக்கலாம். ஒருவரும் சொல்லவில்லை. எல்லோரும் முந்திக்கொண்டு மன்னித்துவிட்டார்கள். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு, அவர் அன்றைய சட்டிகளையும் கழுவிவைத்துவிட்டு சூலூர் பஸ் பிடித்தார்.

வேலை, டாக்டர் வீட்டு அம்மணிக்குப் போனது. அவருடைய தையல் பேசுகிறதாம். என்ன பேசியது என்று எனக்குக் கேட்கவில்லை.

ரசம்

மத்தியானம் சாப்பிடும்போது பாக்கியத்திடம் சொன்னேன், ஏதோ வீரச்செயல்போல. “ஒருத்தி மெஷின்ல தெச்சுக் கொண்டாந்து கைத்தையல்ங்கறா.”

“லென்ஸ் வெச்சுப் பாத்தீங்களா?”

“பாக்காமயா?”

“ஏனுங்க, ஊசி எங்க போயிருந்துச்சு? இழையிலயா, நடுவுலயா?”

நாற்பது வருடம் என்னோடு குடித்தனம் செய்தவள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“ரசம் ஊத்தட்டுங்களா?” என்றாள். அதற்குமேல் அவள் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சீக்கிரம் திருந்தியிருப்பேனோ என்னவோ.

பரிகாரம் தேடியது

முதலில் ஒரு கோழைத்தனமான பரிகாரம் செய்தேன். நித்யாவுக்குப் போன் போட்டு, “அந்தச் சூலூர் அம்மணிக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுக்கலாமே கண்ணு” என்றேன்.

“சார், உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசு!” என்றாள் அவள். என் பொய்யிலிருந்து நான் பெரிய மனிதனாக வெளியே வந்ததுதான் அந்த போனின் பலன்.

பத்து மாதம் இப்படிப் போயிற்று. டாக்டர் வீட்டு அம்மணி மகளின் பிரசவத்துக்கு வெளிநாடு போய்விட்டார், தையலுக்கு ஆள் இல்லை என்று நித்யா ஒருநாள் சொன்னாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே சூலூருக்குப் பஸ் ஏறினேன். கையில் அரைக் கிலோ ஜிலேபி. செய்த பாவத்துக்கு ஜிலேபி எந்த அளவில் சரி என்று யார் சொல்வது?

அந்தத் தெருவில் தறிச் சத்தம் ஓயாது. சாந்தாமணி ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கணுக்காலிலிருந்து முழங்கால் வரை கட்டு. என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். “வாங்க சார், உக்காருங்க. காப்பி வெக்கட்டுங்களா?” வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். வைத்தார். நொண்டிக்கொண்டே வந்து கொடுத்தார். அந்தக் காப்பியை நான் குடித்த விதத்தை எழுத வேண்டாம்.

“அம்மணி, அது கைத்தையல்னு எனக்கு அன்னிக்கே தெரியுமுங்க” என்றேன்.

“தெரியுமுங்க சார்.”

“என்னது?”

“உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியுமுங்க. லென்ஸ வெச்சுட்டுக் குனிஞ்சீங்கல்ல, அப்ப உங்க மொகத்தத்தான் பாத்துட்டிருந்தனுங்க. நல்ல துணி வந்தா எங்க சூப்பர்வைசர் மொகம் அப்படித்தான் மலரும். அப்பறம் பாத்தா வாயில வேற என்னமோ வருது.”

“நான் செஞ்சுபோட்டது பெரிய தப்புங்க. மன்னிச்சுக்கோங்க.”

அவர் ஜிலேபிப் பொட்டலத்தை என் பக்கமாகவே மெதுவாக நகர்த்தினார். “இங்க எங்கூட்டுல, தறிச் சத்தத்துல சொன்னா யாருக்குங்க கேக்கும்? சொன்ன எடத்துல போய்ச் சொல்லுங்க சார்.”

கைதட்டல்

போய்ச் சொன்னேன். அடுத்த பேட்சின் கடைசி ஞாயிறு. புதிய பன்னிரண்டு பேரும், பழைய வகுப்பிலிருந்து சிலரும் இருந்தார்கள். எழுந்து நின்று, மஞ்சளிலிருந்து மெஷின் வரை ஒன்று விடாமல் சொன்னேன். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. அது நடிப்பில்லை.

முடித்ததும் கைதட்டினார்கள். எழுந்து நின்று தட்டினார்கள். முப்பது வருடம் ஒழுங்காகப் பாடம் நடத்தியதற்கு ஒரு நாளும் கிடைக்காத கைதட்டல். ஒருவர் வீடியோ எடுத்திருந்தார். இன்னொருவர், “இந்த வயசுல இவ்வளவு தைரியமா சார்!” என்று செல்ஃபிக்கு நின்றார். டீச்சரம்மா மட்டும் தட்டவில்லை. கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தபடி இருந்தார்.

நித்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அங்கேயே சாந்தாமணிக்குப் போன் போட்டாள். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள்.

“அக்கா, சார் எல்லாத்தையும் சொல்லிட்டாருங்க்கா. உங்க வேல உங்களுக்குத்தான். நாளைக்கே வந்துருங்க!”

ஸ்பீக்கரில் தறிச் சத்தத்தோடு சாந்தாமணியின் குரல் வந்தது.

“ஏனுங்க மேடம், நீங்க என்ற துணியத் திருப்பிப் பாத்தீங்களா?”

“அது... இல்லக்கா. சார்தான்...”

“அன்னிக்கும் சார் சொன்னாருன்னு இல்லைன்னீங்க. இன்னிக்கும் சார் சொன்னாருன்னு வாங்கறீங்க. நாளைக்கு சாருக்கு இன்னொரு நெனப்பு வந்தா நான் எங்க போறதுங்க? அடுத்த ஞாயித்துக்கெழம துணியக் கொண்டாரேன். நீங்களே பாருங்க. பாத்துப்போட்டுச் சொல்லுங்க. அந்நேரம் சார் உள்ள இருக்கக் கூடாதுங்க.”

வெளியே

அடுத்த ஞாயிறு நான் ஷெட்டுக்கு வெளியே, செருப்புகளோடு உட்கார்ந்திருந்தேன். வர வேண்டியதில்லை என்று நித்யா சொல்லியிருந்தாள். வீட்டில் இருக்க முடியவில்லை. சாந்தாமணி என்னைத் தாண்டி உள்ளே போனார். “வந்துட்டீங்களா சார்” என்று மட்டும் கேட்டார்.

கதவைச் சாத்தினார்கள். மேஜை இழுபடும் சத்தம். அந்தத் துணியில் இன்னின்னதைப் பாருங்கள் என்று கதவுக்குள் தலைநீட்டிச் சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. சொன்னால் மறுபடியும் அது என் வார்த்தையாகிவிடும். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அந்த வயதில் எனக்குப் புதுப் பழக்கம்.

நித்யா எட்டிப் பார்த்தாள். “சார், உங்க லென்ஸ் வேணும்.”

கொடுத்தேன். “கண்ணு, முதல்ல அதை எப்படி வைக்கணும்னா...”

“அவங்க சொல்லித் தர்றாங்க சார்.”

கதவை மறுபடி சாத்திக்கொண்டாள். நெடுநேரம் கழித்து உள்ளே நித்யாவின் குரல் கேட்டது. ஒன்று, இரண்டு, மேலே. ஒன்று, இரண்டு, கீழே என்று சின்னப் பிள்ளைபோல் எண்ணிக்கொண்டிருந்தாள். பாதியில் நின்றது. “அக்கா, ஒரு இழையிலகூடப் படலியேக்கா” என்றாள். அதன்பிறகு அவள் பேசியது எனக்குக் கேட்கவில்லை. அழுதுகொண்டு பேசினாள் என்று நினைக்கிறேன்.

சாந்தாமணிக்கு வேலை கிடைத்தது. அவர் போட்ட நிபந்தனைகள் இரண்டு. சட்டியை அவரவரே கழுவிக்கொள்ள வேண்டும். சிறப்பு வல்லுநர் வகுப்புக்கு வரக் கூடாது. இரண்டாவதை நித்யா என்னிடம் சொல்வதற்கு எத்தனை ‘ங்க’ போட்டாள் என்று எண்ணவில்லை. லென்ஸும் திரும்பி வரவில்லை, நானும் கேட்கவில்லை.

முதல் மாதத்தில் நாலு பேர் நின்றுவிட்டார்கள். இழை எண்ணச் சொன்னால் மனம் சுருங்குகிறதாம். அந்த இடங்களில் ஒன்றில் பாக்கியம் போய்ச் சேர்ந்துகொண்டாள். என்னிடம் கேட்கவில்லை, சேர்ந்துவிட்டுச் சொன்னாள். வாரத்துக்கு ஒரு சாண் தைக்கிறாள், அதை மூன்று முறை பிரிக்கிறாள். வீட்டுக்குக் கொண்டுவரும் துணியைப் பையிலிருந்து எடுத்து என்னிடம் காட்டுவதில்லை.

போன வாரம் அவள் வந்ததும் கேட்டேன். “அந்தம்மா உக்காந்துதான சொல்லித் தர்றாங்க?”

“எங்க! மெத்தை வெச்ச நாற்காலியா வாங்கிப் போட்டிருக்குது அந்த நித்யாப் புள்ள. அதுல அவங்க பைதான் உக்காந்திருக்குது. அவங்க ஒரு நிமிசம் உக்காந்தாத்தானே! சுத்திச் சுத்தி வந்து ஒவ்வொருத்தர் துணியாத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டிருக்காங்க. உக்காருங்கன்னா, ‘இருவது வருசமா நின்னே பாத்த கண்ணுங்க்கா, உக்காந்தா பழுது தெரிய மாட்டீங்குது’ன்னு சிரிக்கறாங்க.”

“கால்?”

“வீங்கித்தான் கெடக்குது. வகுப்பு முடிஞ்சதும் கட்ட அவுத்துத் தைலம் போட்டுக்கறாங்க. இன்னிக்கு நாந்தான் தேச்சு உட்டுட்டு வாரேன்.”

அன்றைக்கு அவள் சோறு போடும்போது, கையைக் கழுவியிருந்தும், இலைமேல் அந்தத் தைல வாடை அடித்தது.